கறுப்பின உரிமைப் போராட்டக் கண்காட்சித் தட்டிகள்: செட்டிநாட்டுப் பக்கம் வாடகைக்கு எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் வட்டாரத்தில் பள்ளிகளும் வாசகர் வட்டங்களும் வாடகைக்கு எடுத்து வைக்கும் ஒரு கண்காட்சித் தொகுப்பைப் பற்றிய மதிப்புரை இது. அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மேல் நடந்த இனவெறித் தாக்குதல்கள் எப்படி ஊர் ஊராக உரிமை அமைப்புகளை எழுப்பின என்பதுதான் பொருள். மொத்தம் 22 தட்டிகள். ஒவ்வொன்றும் 3 அடிக்கு 4 அடி, 5 மி.மீ. சன்போர்டில் வினைல் ஒட்டி மேட் லேமினேஷன் போட்டது, எடை ஏறத்தாழ 3 கிலோ. கூடவே 48 பக்கக் கையேடு, 12 இரும்பு ஸ்டாண்டு. மூன்று நாளைக்கு வாடகை 3,500 ரூபாய், முன்பணம் 5,000, வண்டிக்கூலி தனி. தட்டிகள் இரண்டு மரப்பெட்டியில் வருகின்றன, ஸ்டாண்டையும் சேர்த்து ஒரு குட்டியானையில் தாராளமாக அடங்கிவிடும்.

எடுக்கலாமா என்றால், கட்டாயம் எடுக்கலாம். தமிழில் இந்தப் பொருளில் இவ்வளவு விரிவாகப் படத்தோடு வேறு எதுவும் கைக்குச் சுலபமாகக் கிடைப்பதில்லை. ஆனால் பெட்டியைத் திறந்து 1 முதல் 22 வரை அப்படியே மாட்டிவிடாதீர்கள். மூன்று தட்டிகளில் பிழை இருக்கிறது, வரிசையை மாற்ற வேண்டும், சொல்லியே ஆக வேண்டிய ஒரு பக்கம் அடியோடு விடுபட்டிருக்கிறது.

விடுபட்டது எது என்று புரிய, இந்த வரலாற்றை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முதலில் சொல்லிவிடுகிறோம். "அடித்தார்கள், மக்கள் கொதித்தார்கள், திரண்டார்கள்" என்று சொல்லிப் போவது எளிது. உண்மை அப்படி இல்லை. 1877 முதல் 1950 வரை அமெரிக்கத் தென்மாநிலங்களில் 4,000க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் கும்பல்கொலைக்குப் பலியானதாக 'ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்' தொகுத்த கணக்கு சொல்கிறது. அத்தனை கொலைக்குப் பிறகும் அமைப்பு பிறந்துவிடவில்லை. பெரும்பாலான ஊர்களில் பயம்தான் மிஞ்சியது. அமைப்பு பிறந்த ஊர்களில் முன்கூட்டியே சில விஷயங்கள் இருந்தன: வெள்ளையரிடம் கைகட்டி நிற்காமல் பிழைக்கிற நாலு பேர், கூடிப் பேச ஓர் இடம், துண்டறிக்கை அடிக்க ஒரு வழி, வெளியூரில் ஒரு பத்திரிகையோ சங்கமோ. இவற்றைக் காட்டுகிற தட்டிகள்தாம் இந்தத் தொகுப்பின் உயிர். காட்டாதவை வெறும் படங்கள்.

முதல் தட்டி இதை அருமையாகச் செய்கிறது. டென்னசி மாநிலம் மெம்ஃபிஸ், 1892. கறுப்பினத்தவர் சிலர் பங்கு போட்டு 'பீப்பிள்ஸ் குரோசரி' என்று ஒரு மளிகைக்கடை நடத்தினார்கள். அதே முனையில் கடை வைத்திருந்த வெள்ளையருக்கு வியாபாரம் படுத்தது. தகராறு மூட்டி, போலீஸைக் கூட்டி, கடைசியில் தாமஸ் மாஸ், கால்வின் மெக்டவல், வில் ஸ்டூவர்ட் மூவரையும் மார்ச் 9 அன்று சிறையிலிருந்து இழுத்துப் போய்ச் சுட்டுக் கொன்றார்கள். மாஸின் தோழி ஐடா பி. வெல்ஸ் 'ஃப்ரீ ஸ்பீச்' பத்திரிகையின் ஆசிரியர். ஊரைவிட்டுப் போய்விடுங்கள் என்று எழுதினார். ஆயிரக்கணக்கானோர் ஓக்லஹோமாவுக்குக் கிளம்பினார்கள். இருந்தவர்கள் டிராம் ஏறுவதை நிறுத்தினார்கள். வசூல் விழுந்ததும் டிராம் கம்பெனிக்காரர்களே அவர் அலுவலகத்துக்கு வந்து கெஞ்ச வேண்டியதாயிற்று. மே மாதம் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கினார்கள். அவர் வடக்கே போய் மேலும் உரக்க எழுதினார். கடைத்தெருவிலேயே வளர்ந்த செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தட்டியில் விளக்கமே தேவைப்படாது: கொலைக்குக் காரணம் வியாபாரப் போட்டி, பதிலடியும் வியாபாரத்தின் வழியாகவே. கண்காட்சியைத் திறந்துவைக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

மூன்றாம் தட்டியில்தான் முதல் பிழை. கறுப்பின மக்களின் உரிமைக்காக உழைக்கும் என்.ஏ.ஏ.சி.பி. என்கிற தேசியச் சங்கம் இலினாய் மாநில ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கப்பட்டது என்று போட்டிருக்கிறார்கள். ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது கறுப்பின மக்களை வெள்ளையர் கும்பல் தாக்கிய 1908 ஆகஸ்ட் கலவரம். லிங்கன் வாழ்ந்த ஊரிலேயே இப்படியா என்று அதிர்ந்தவர்கள் நியூயார்க்கில் கூடி, லிங்கன் நூற்றாண்டு நாளான 1909 பிப்ரவரி 12 அன்று அறைகூவல் விட்டார்கள். மேரி ஒயிட் ஓவிங்டன், கறுப்பின அறிஞர் டு பாய்ஸ், முதல் தட்டியில் வந்த வெல்ஸ் எல்லாரும் அதில் உண்டு. 'ஊர் மாறிவிட்டது, அவ்வளவுதானே' என்று விட்டுவிட முடியாது. அடி விழுந்தது ஓர் ஊரில், அமைப்பு எழுந்தது வேறோர் ஊரில். ஏன் அப்படி என்கிற கேள்விதான் பார்வையாளரை அடுத்த தட்டிக்கு இழுத்துப் போகும். ஏ4 தாளில் திருத்தம் அச்சடித்து, லேமினேஷன் மேல் மாஸ்கிங் டேப்பால் ஒட்டுங்கள். செலோ டேப் வேண்டாம், உரிக்கும்போது லேமினேஷனும் கூடவே வந்துவிடும், முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

4 முதல் 9 வரை சுமார்தான். கிழக்கு செயின்ட் லூயிஸ் கலவரத்தைக் கண்டித்து 1917 ஜூலை 28 அன்று நியூயார்க்கில் ஏறத்தாழ 10,000 பேர் பறையொலி மட்டும் கேட்க வாய்திறவாமல் நடந்த ஊர்வலம், 1919 எலெய்ன் படுகொலை, 1921இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் கறுப்பினத்தவர் பகுதியை வெள்ளையர் கும்பல் எரித்தது, 1946இல் சீருடையோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த படைவீரர் ஐசக் உடார்டின் கண்களைப் போலீஸ் குருடாக்கியது. எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் உள்ளூரில் யார் என்ன செய்தார்கள் என்பது இந்த ஆறில் இரண்டில்தான் உண்டு. ஒன்று எலெய்ன். அர்க்கன்சாஸ் மாநிலத்தில் பருத்திக் குத்தகையாளர்கள் கணக்கு வழக்கைச் சரியாகக் கொடுங்கள் என்று கேட்கச் சங்கம் வைத்தார்கள். அதற்காகத்தான் அந்த வெறியாட்டம். 12 பேருக்கு மரண தண்டனை விதித்தார்கள். சிபியோ ஆஃப்ரிகானஸ் ஜோன்ஸ் என்கிற உள்ளூர்க் கறுப்பின வழக்கறிஞர் பிடிவாதமாக நின்று வாதாட, கும்பல் மிரட்டலில் நடந்த விசாரணை விசாரணையே அல்ல என்று 1923இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இன்னொன்று டல்சா. ஊர் எரிந்த பிறகு பி.சி. ஃபிராங்க்ளின் கூடாரம் போட்டு வழக்கறிஞர் அலுவலகம் நடத்தினார். எரிந்த இடத்தில் மறுபடி வீடு கட்டவிடாமல் நகராட்சி போட்ட விதியை நீதிமன்றத்தில் உடைத்தார். நேரம் குறைவென்றால் இந்த இரண்டை மட்டும் வைத்து, மற்ற நான்கையும் பெட்டியிலேயே விட்டுவிடலாம்.

எலெய்ன் தட்டியில் இறந்தவர் எண்ணிக்கையாக ஒரே எண்ணைப் போட்டிருப்பது சரியில்லை. ஆய்வாளர்களின் மதிப்பீடுகள் நூறு, அதற்கு மேல் என்று வெகுவாக வேறுபடுகின்றன. கேட்டால் அதையே சொல்லுங்கள்.

10ஆம் தட்டியிலிருந்து தொகுப்பு நிமிர்ந்து உட்காருகிறது. ஃபுளோரிடாவில் மிம்ஸ் என்கிற சிற்றூர். ஹாரி டி. மூர் என்கிற பள்ளி ஆசிரியர் 1934இல் என்.ஏ.ஏ.சி.பி.யின் மாவட்டக் கிளையைத் தொடங்கினார். வெள்ளை ஆசிரியர்களுக்குச் சமமான சம்பளம் கேட்டு வழக்குக்கு வேலை செய்தார், கும்பல்கொலைகளை நேரில் போய் விசாரித்து ஆளுநருக்குக் கடிதம் மேல் கடிதம் போட்டார், வாக்காளர் சங்கம் அமைத்தார். 1946இல் அவருக்கும் மனைவி ஹேரியெட்டுக்கும் வேலை போயிற்று. 1951 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவு, அவர்களுடைய 25ஆம் திருமண நாள், படுக்கையறைக்கு அடியில் குண்டு வைத்தார்கள். அவர் அன்றே இறந்தார், மனைவி ஜனவரி 3 அன்று. இந்தத் தட்டியின் அழகு, குண்டு வெடித்த வீட்டின் படத்தைச் சிறிதாகப் போட்டுவிட்டு அவர் செய்த வேலைகளைப் பெரிதாகப் போட்டிருப்பது. தொகுப்பு முழுக்க இப்படிச் செய்திருக்கலாம்.

அடுத்த நான்கும் மிசிசிப்பி. நின்று பார்க்க வேண்டிய இடம் இது. மவுண்ட் பயூ என்பது கறுப்பின மக்களே 1887இல் நிறுவிய ஊர். அங்கே டி.ஆர்.எம். ஹோவர்டு என்கிற அறுவை சிகிச்சை மருத்துவர் நிலபுலன், இன்சூரன்ஸ் கம்பெனி எல்லாம் வைத்திருந்தவர். 1951இல் வட்டாரத் தலைமைக் குழு ஒன்றை அமைத்தார். அவர் கம்பெனியில் பாலிசி விற்றுக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றிய இளைஞர்தான் பின்னாளில் உரிமைப் போராட்டத் தலைவரான மெட்கர் எவர்ஸ். கழிப்பறைக்குள் விடாத பங்க்கில் பெட்ரோல் போடாதே என்று கார் பம்பரில் ஒட்டும் ஸ்டிக்கர் 1952இல் இவர்கள் வேலை. ஸ்டிக்கரின் மாதிரியைத் தட்டியில் உண்மை அளவிலேயே அச்சடித்திருக்கிறார்கள், பிள்ளைகள் அந்த இடத்தில்தான் மொய்க்கிறார்கள்.

பெல்சோனியில் ஜார்ஜ் லீ என்கிற பாதிரியார் மளிகைக்கடையும் சிறிய அச்சு எந்திரமும் வைத்துக்கொண்டு வாக்காளர் பதிவு நடத்தினார். 1955 மே 7 அன்று காரில் போகும்போது சுட்டுக் கொன்றார்கள். தாடையில் கிடந்த ஈயக் குண்டுகளைப் பல்லில் அடைத்த ஈயம் என்று மாவட்டப் போலீஸ் தலைவரான ஷெரீஃப் சொன்னார். மனைவி ரோஸ்பட் லீ சவப்பெட்டியைத் திறந்தே வைத்தார், படம் பத்திரிகையில் வந்தது. ஆகஸ்ட் 28 அன்று 14 வயது எம்மெட் டில் மணி என்ற ஊர்ப்பக்கத்திலிருந்து கடத்திக் கொல்லப்பட்டபோது, சிகாகோவில் அவன் தாய் மேமி டில் சவப்பெட்டியைத் திறந்தே வைக்க எடுத்த முடிவு உலகம் அறிந்தது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே அதே மாநிலத்தில் ஒரு பெண் அதைச் செய்திருக்கிறார் என்பதைத் தமிழில் படித்தவர்கள் குறைவு. 12, 13 ஆகிய இரண்டையும் இடைவெளி விடாமல் ஒட்டி வையுங்கள்.

டில் வழக்கில் 67 நிமிடத்தில் குற்றவாளிகளை விடுவித்ததோடு பல கண்காட்சிகள் நின்றுவிடும். இது நிற்கவில்லை. சாட்சிகளைத் தேடிப் பிடித்ததும், பருத்திக்காட்டு வேலைக்காரர் வேஷம் போட்டு விசாரித்ததும், சாட்சிகளையும் வெளியூர் நிருபர்களையும் ஹோவர்டு வீட்டில் ஆயுதக் காவலோடு தங்கவைத்ததும் என்று அந்த வலையை அம்புக்குறி போட்டுக் காட்டுகிறது. அந்த வலை முன்பே பின்னப்பட்டிருந்ததால்தான் ஒரு சிறுவனின் கொலை தேசத்தின் வழக்கு ஆயிற்று. தீர்ப்புக்குப் பின் ஹோவர்டு ஊர் ஊராகப் பேசினார். 1955 நவம்பர் 27 அன்று அலபாமா மாநிலம் மான்ட்கோமரியில் டெக்ஸ்டர் அவென்யூ தேவாலயத்தில் பேசியபோது கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் ரோசா பார்க்ஸ். நாலு நாள் கழித்து அவர் வெள்ளையர் ஒருவருக்காகப் பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்தார்.

இவ்வளவு சொன்ன தொகுப்பு, 15ஆம் தட்டியில் அவரை 'வேலை முடிந்து களைத்துப்போன தையல்காரப் பெண்' என்று எழுதியிருப்பது எரிச்சலாக இருக்கிறது. இரண்டாவது பிழை இதுதான். பார்க்ஸ் 1943 முதல் என்.ஏ.ஏ.சி.பி. மான்ட்கோமரிக் கிளையின் செயலாளர். 1944 செப்டம்பரில் அபெவில் ஊரில் ரெசி டெய்லர் என்ற இளந்தாயை வெள்ளையர் கூட்டம் கடத்தி வன்புணர்ந்தபோது, விசாரிக்கப் போனவரே இவர்தான். டெய்லருக்கு நீதி கேட்டு அமைத்த குழுவில் இருந்தவர்கள் பலர் பத்தாண்டு கழித்துப் பேருந்துப் புறக்கணிப்பையும் தூக்கிச் சுமந்தார்கள். திருத்தத் தாளில் இந்த நாலு வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள்.

16ஆம் தட்டி புறக்கணிப்பின் உள் எந்திரத்தைப் பிரித்துக் காட்டுகிறது. தொகுப்பிலேயே சிறந்தது இது. பெண்கள் அரசியல் மன்றத்தின் ஜோ ஆன் ராபின்சன் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் போட்டிருந்தார்: நடத்தை மாறாவிட்டால் பேருந்தைப் புறக்கணிப்பது பற்றி 25க்கும் மேற்பட்ட உள்ளூர் அமைப்புகள் பேசிவருகின்றன என்று. அதனால்தான் 1955 டிசம்பர் 1 இரவு பார்க்ஸ் கைதானதும் கல்லூரி சைக்ளோஸ்டைல் எந்திரத்தில் விடியவிடிய ஆயிரக்கணக்கில் துண்டறிக்கை உருட்ட முடிந்தது. ஒரு தாளில் மூன்று முறை தட்டச்சு செய்து, பிறகு மூன்றாக வெட்டியிருக்கிறார்கள். காகிதமும் மிச்சம், நேரமும் மிச்சம். 381 நாள் நீடித்த அந்தப் புறக்கணிப்பில் ஏறத்தாழ 300 கார்கள் ஏற்றி இறக்கும் புள்ளிகளோடு ஓடின. ஜார்ஜியா கில்மோர் என்கிற சமையல்காரப் பெண்மணி கோழிக்கறியும் கேக்கும் விற்றுப் பெட்ரோலுக்குப் பணம் சேர்த்தார். கொடுத்தவர் பெயர் தெரியக்கூடாது என்று தங்கள் குழுவுக்கு 'எங்கிருந்தோ வந்த சங்கம்' என்று பெயர் வைத்தார்கள். 1956 ஜனவரி 30 அன்று புறக்கணிப்புத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் வீட்டிலும், இரண்டு நாள் கழித்து உள்ளூர்த் தலைவர் இ.டி. நிக்சன் வீட்டிலும் குண்டு வெடித்தது. கார்கள் நிற்கவில்லை. நிக்சன் ரயிலின் படுக்கைப் பெட்டிகளில் வேலை செய்யும் புல்மன் போர்ட்டர், அதாவது சம்பளம் உள்ளூர் வெள்ளையர் கையில் இல்லாதவர். இந்த ஒரு வரியைத் தட்டி சொல்லவில்லை, கையேட்டின் 29ஆம் பக்கத்தில் இருக்கிறது. விளக்குபவர் வாயால் சொல்லியாக வேண்டும்.

இனி எப்படி வைப்பது. செட்டிநாட்டு வீடு என்றால் வளவும் அதைச் சுற்றிய பத்தியும்தான் பொருத்தமான இடம். முகப்பில் முதல் மூன்று, வளவில் 10 முதல் 21 வரை. சுண்ணாம்புப் பூச்சுச் சுவரில் ஆணி அடிக்கவே கூடாது, இருபக்க டேப்பும் ஒட்டக்கூடாது. மெருகு தோலாக உரிந்து வந்துவிட்டால் திரும்பப் பூச இன்றைக்குக் கொத்தனார் கிடைப்பது கஷ்டம். தூணுக்குத் தூண் கயிறு கட்டித் தொங்கவிட்டால் பார்க்க எடுப்பாக இருக்கும், ஆனால் பகலில் தட்டிக்குப் பின்னால் திறந்த வானம் இருப்பதால் எழுத்து கறுத்துப்போய்ப் படிக்க முடியாது. ஆகவே பகல் காட்சிக்குத் தட்டிகளைச் சுவர் ஓரமாக ஸ்டாண்டில் வைத்து, முகம் வளவைப் பார்க்கத் திருப்புங்கள். மாலையில் குழல்விளக்குப் போட்டு வைப்பதென்றால் கயிறு சரி. நூல் கயிறுதான், நைலான் தேக்குத் தூணின் மெருகைத் தேய்த்துவிடும். இரண்டு தூணுக்கு நடுவே இரண்டு தட்டிக்கு மேல் போட்டால் கயிறு தொய்ந்து நடுவில் உள்ளது சாய்ந்து நிற்கும்.

ஸ்டாண்டு 12தான் தருகிறார்கள், மீதிக்கு நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆத்தங்குடித் தரையில் இரும்புக் கால் வழுக்கும். பழைய சைக்கிள் டியூபை மூன்று அங்குலத் துண்டாக வெட்டிக் காலில் மாட்டினால் அசையாது, பூக்கல்லிலும் கீறல் விழாது. ஆடி மாதம் என்றால் ஒவ்வொரு ஸ்டாண்டின் பின்காலிலும் அரைச் செங்கல் கட்டுங்கள், வளவில் இறங்குகிற காற்று தட்டியைக் குப்புறத் தள்ளிவிடும். தட்டியின் நடு, தரையிலிருந்து நாலே முக்கால் அடி இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகள் என்றால் நாலடி. 7, 11, 12, 19 ஆகிய நான்கும் பிற்பாடு அடித்துச் சேர்த்தவை, மேட் இல்லை, பளபளப்பு லேமினேஷன். வெளிச்சம் நேரே விழாத மூலையில் வைத்தாலொழிய எதிரில் நிற்பவர் முகம்தான் தெரியும். வாடகைக்குக் கொடுப்பவர்கள் இதை மாற்றித்தர வேண்டும்.

ஒவ்வொரு தட்டியிலும் உள்ள கியூஆர் குறியீடு ஒலிப்பதிவுக்குப் போகிறது. குரலும் உச்சரிப்பும் நன்றாக இருக்கின்றன. ஆனால் இரண்டடிச் சுவர் உள்ள இரண்டாங்கட்டில் போன் சிக்னல் எட்டிப் பார்க்காது. முதல் நாளே கோப்புகளை டேப்லெட்டில் இறக்கி, சின்ன ஸ்பீக்கரோடு வைத்துவிடுங்கள்.

முழுக்கப் படிக்க ஒருவருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அவ்வளவு நேரம் நிற்க மாட்டார்கள். 1, 3, 10, 12, 14, 16, 18, 20, 21 போதும். குழுவுக்கு 25 பேர், விளக்குபவர் ஒருவர். 13ஆம் தட்டியில் எம்மெட் டில்லின் முகம் இருக்கிறது. எந்த எச்சரிக்கையும் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். படத்தின் அளவுக்கு ஒரு கறுப்புத் துணியை மேல்விளிம்பில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். பெரியவர்கள் விரும்பினால் தூக்கிப் பார்க்கட்டும். அந்தத் தாய் உலகமே பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னார், மறைப்பது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகுமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயம்தான். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை ஆயத்தமே இல்லாமல் அதன் முன் போய் நிற்கக்கூடாது என்பதே எங்கள் கட்சி.

18ஆம் தட்டியில் மூன்றாவது பிழை. பர்மிங்ஹாம் 16ஆம் தெரு தேவாலயக் குண்டுவெடிப்பை வாஷிங்டன் பேரணிக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். பேரணி 1963 ஆகஸ்ட் 28, குண்டுவெடிப்பு செப்டம்பர் 15. வரிசை மாறினால் பொருளே மாறிவிடும். பேரணியின் பூரிப்புக்கு வெறும் பதினெட்டு நாள் கழித்து ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் என்று நான்கு சிறுமிகள் இறந்தார்கள். அந்தச் செய்தி கேட்டு உட்கார்ந்து போராட்ட அமைப்பாளர்கள் டயான் நாஷும் ஜேம்ஸ் பெவலும் அலபாமா முழுக்க வாக்குரிமைக்கான திட்டம் எழுதினார்கள். ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து செல்மாவில் நடந்த வாக்குரிமைப் போராட்டம் அந்தத் திட்டத்தின் வழிவந்ததுதான். செல்மாவிலும் வெறும் நிலத்தில் விதைக்கவில்லை, அமீலியா பாய்ன்டனும் உள்ளூர் வாக்காளர் சங்கமும் பல்லாண்டாக உழுது வைத்திருந்தார்கள்.

20ஆம் தட்டி லவுண்ட்ஸ் மாவட்டம். நம் ஊர்க்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்கிற தட்டி. மக்கள்தொகையில் ஏறத்தாழ 80 சதவீதம் கறுப்பினத்தவர், 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் ஒருவர்கூட இல்லை. பதிவு செய்யப் போன குத்தகையாளர்களை நிலத்தைவிட்டு விரட்டினார்கள், அவர்கள் நெடுஞ்சாலையோரம் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள். ஜான் ஹியூலெட்டும் மற்றவர்களும் தனிக் கட்சியே கட்டினார்கள். எழுத்தறியாதவர்களும் வாக்களிக்க அலபாமாவில் கட்சிக்குச் சின்னம் உண்டு. ஜனநாயகக் கட்சியின் சின்னம் வெள்ளைச் சேவல், இவர்கள் எடுத்தது கருஞ்சிறுத்தை. வரி மதிப்பீட்டாளர் என்ன செய்வார், ஷெரீஃபின் அதிகாரம் எதுவரை என்று படம் போட்டு விளக்கும் சிறு புத்தகங்கள் அடித்துக் கொடுத்தார்கள். 1966 நவம்பரில் நின்ற ஏழு பேரும் தோற்றார்கள். 1970இல் ஹியூலெட் ஷெரீஃப் ஆனார். தட்டி 1966 தோல்வியோடு நின்றுவிடுகிறது. 1970ஐத் திருத்தத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

21ஆம் தட்டி ஹோம்ஸ் மாவட்டம், மைல்ஸ்டன். கூட்டாட்சி அரசின் குடியேற்றத் திட்டத்தில் சொந்த நிலம் வாங்கிய கறுப்பின விவசாயிகள் ஊர். 1963 ஏப்ரல் 9 அன்று 14 பேர் பதிவு செய்யப் போனார்கள். யார் முதலில் என்று ஷெரீஃப் கேட்க, ஹார்ட்மன் டர்ன்போ முன்வந்தார். அடுத்த மாதம் அவர் வீட்டுக்குத் தீக்குண்டு வீசினார்கள். அவர் துப்பாக்கியால் திருப்பிச் சுட்டுக் குடும்பத்தைக் காத்தார். தன் வீட்டைத் தானே கொளுத்திக்கொண்டதாக அவரையே கைது செய்தார்கள். நிலம் கையில் இருந்ததால் அந்த ஊர் கலையவில்லை. 1967இல் அதே மாவட்டத்திலிருந்து ராபர்ட் கிளார்க் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். இருபதாம் நூற்றாண்டில் மிசிசிப்பியில் முதல் கறுப்பின உறுப்பினர். 22ஆம் தட்டி பிரபல முகங்களின் கூட்டுப்படம், வெளியே எடுக்காமலே விட்டால் நட்டமில்லை.

விடுபட்ட பக்கத்துக்கு வருவோம். வன்முறை பல இடங்களில் வென்றது. தொகுப்பு அதைச் சொல்லவே இல்லை. 1955இல் மிசிசிப்பியின் யாஸூ சிட்டியில் கறுப்பு, வெள்ளைப் பிள்ளைகளை ஒரே பள்ளியில் சேர்க்கக் கோரி 53 பேர் கையெழுத்திட்டார்கள். வெள்ளையர் குடிமக்கள் மன்றம் அவர்கள் பெயர் முகவரியைப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமாகப் போட்டது. வேலை போயிற்று, கடன் நின்றது, மொத்த வியாபாரி சரக்குத் தர மறுத்தார். ஏறத்தாழ எல்லோரும் பெயரைத் திரும்பப் பெற்றார்கள். ஹோவர்டே 1956இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தார். 1961 செப்டம்பரில் லிபர்ட்டி ஊரில் வாக்காளர் பதிவுக்கு உதவிய விவசாயி ஹெர்பர்ட் லீயைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரே பட்டப்பகலில் சுட்டுக் கொன்றார். அந்த வட்டாரத்தில் வாக்காளர் பதிவு ஸ்தம்பித்தது. உண்மையைச் சொல்லத் துணிந்த சாட்சி லூயிஸ் ஆலனையும் 1964 ஜனவரியில் கொன்றார்கள். கடனை நிறுத்தினால் ஒரு குடும்பம் எத்தனை நாளில் மண்டியிடும் என்பது வட்டிக்கடை, கொண்டுவிற்றல் தெரிந்த இந்த மண்ணுக்கு விளக்கத் தேவையில்லை. இதை இரண்டு ஏ3 தாளில் நீங்களே எழுதி, 14க்கும் 15க்கும் நடுவில் வையுங்கள். தோற்ற ஊர்களைக் காட்டினால்தான் நின்ற ஊர்கள் எதனால் நின்றன என்று தெரியும்.

கையேட்டில் இந்தியா பற்றிய பகுதி ஒரே பக்கம், காந்தி, கிங் என்று முடித்துவிட்டார்கள். 1946இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்கு எழுதிய கடிதத்தையாவது சேர்த்திருக்க வேண்டும். கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொடுத்த மனுவின் பிரதியைக் கேட்டு எழுதியது அது. டு பாய்ஸ் பதிலும் எழுதினார். இங்கே கண்காட்சி வைத்தால் "நம் பக்கம் என்ன நடந்தது" என்று யாராவது கேட்பார்கள், கேட்க வேண்டும். செட்டிநாடு அன்று ராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பரில் இந்த மாவட்டத்தில் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகள் விதித்ததையும், மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தியதையும் கணக்கெடுப்பு ஆணையர் ஹட்டன் 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் எழுதியிருக்கிறார்: நகை போடக்கூடாது, சட்டை பனியன் கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்புக் கூடாது, பெண்கள் மேலுடம்பை மூடக்கூடாது. விளக்குபவர் இதைப் படித்துவிட்டு வர வேண்டும். பேச்சை மாற்றுகிற விளக்குநரைப் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வார்கள்.

முன்பதிவு குறைந்தது மூன்று வாரத்துக்கு முன்னால் செய்யுங்கள். ஜனவரியிலும் ஏப்ரலிலும் தட்டிகள் கிடைப்பது அரிது. பெட்டி வந்ததும் ஒவ்வொரு தட்டியின் நான்கு மூலையையும் போனில் படம் எடுத்துக் கொடுத்தவருக்கு அனுப்பிவிடுங்கள், மூலை நசுங்கலுக்கு 300 ரூபாய் பிடிப்பதால் பழைய நசுங்கல் உங்கள் தலையில் விழக்கூடாது. திருப்பி அடுக்கும்போது முகத்தோடு முகம் சேர்த்து, நடுவில் ஒரு பிரவுன் தாள் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டியில் லேமினேஷன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.